குறுக்கன்

"அஞ்சாவது உருப்படியில பியானோ சத்தத்த மேல ஏத்தணும், மாயெஸ்த்ரோ. அந்த எடத்துல குறுக்கே போனது நீங்க. எங்கப்பா இல்ல."

இதை மட்டும் கேட்காதே என்று யுனைசிக்கு அவள் அம்மா ஒதாலிஸ் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சமையலறையில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை துணி உலர்த்தும்போது சொன்னாள். இன்று காலை ஹவானாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ரெக்லாவின் படகுத்துறைவரை கூடவே நடந்துவந்து, வரிசையில் நின்றவர்கள் காதில் விழாதபடி மறுபடியும் சொன்னாள். லீவு கேள், சிபாரிசு கேள், வெட்கத்தை விட்டுப் பழைய காலணிகூடக் கேள், அவரிடம் கிளாவே தாளத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதே. யுனைசி தலையாட்டிவிட்டுத்தான் படகேறினாள். தலையாட்டுவதற்கு வரியா கட்டவேண்டும்.

மாயெஸ்த்ரோ லிசார்தோ பெட்ராசா ஸ்டூடியோ சோபாவில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது. ஹவானாவில் பியானோ என்று சொன்னால் அவர் முகம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இருபது வருடமாக மாட்ரிட்டில் குடியிருக்கிறார், மூன்று வாரம் வந்திருக்கிறார். கோப்பையைத் தட்டில் வைத்தார். சத்தமே வரவில்லை. அந்த விரல்கள் அப்படி.

ஸ்டூடியோவின் இன்னொரு ஆள் ஓஸ்னியெல், ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்து வெளியே போனான். கால் மணி நேரத்துக்கு முன்புதான் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"உங்கப்பன் சொன்னானா?" என்றார் பெட்ராசா.

"மைக் சொல்லுச்சு."

அவர் சிரித்தார். பட்டதாரியம்மா மைக்கோடெல்லாம் பேசுகிறாளே என்றார். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் வீட்டில் அவளுக்கு முன்னால் யாரும் பள்ளியையே முழுதாக முடித்ததில்லை. அம்மா ஓட்டலில் படுக்கை விரிப்பு துவைக்கிறவள். யுனைசி கலைப் பல்கலைக்கழகத்தில் ஒலிப்பதிவு படித்துப் பட்டம் வாங்கினாள். இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவர் பெட்ராசா. அவர் கூப்பிடும் அந்தப் பெயரில் அந்தக் கணக்கும் சேர்த்துத்தான் ஒலிக்கும்.

விஷயம் இதுதான். தொண்ணூற்று நான்கு நவம்பரில், ஊரில் சாப்பிட எதுவும் இல்லாத அந்த வருடத்தில், ஒரு பழைய தியேட்டரில் பெட்ராசாவின் குழு வாசித்தது. கரண்ட் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று மதியம் மூன்று மணிக்கு வைத்தார்கள். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று லாரி நிறையக் கருவிகளோடு வந்து அதை அப்படியே பதிவுசெய்தது. அந்த இசைத்தட்டுதான் பெட்ராசாவை உலகத்துக்குக் காட்டியது. அதில் கோங்கா மேளம் வாசித்தவர் எலிகியோ, யுனைசியின் அப்பா.

ஹவானாவில் பாட்டு நிற்பது கிளாவேயின்மேல். இரண்டு கட்டை, ஐந்து அடி. முதலில் மூன்று, அப்புறம் இரண்டு, மறுபடி மூன்று. கட்டையை யாரும் தட்டாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருப்பதாக வைத்துத்தான் பியானோவும் மேளமும் ஒன்றோடொன்று பேசும். மூன்று நிற்கவேண்டிய இடத்தில் இரண்டை வைத்து வாசித்தால் அதற்குக் குறுக்கே போவது என்று பெயர். வேகம் குறையாது, ஓர் அடிகூடத் தவறாது. வேற்றூர்க்காரன் தெரியாமலே கைதட்டிவிட்டுப் போவான். ரெக்லாவில் மீன் விற்கிறவளுக்குத் தெரியும். முகத்தைச் சுளிப்பாள். குடிகாரன் என்றால் மன்னிப்பார்கள், திருடன் என்றால் இரண்டு வருடத்தில் மறப்பார்கள். குறுக்கே போனவன் என்று பெயர் வந்துவிட்டால் அவனை எந்தக் குழுவும் கூப்பிடாது.

அந்தத் தட்டின் ஐந்தாவது உருப்படியில், ஒன்பதாவது நிமிடத்தில், எலிகியோவின் மேளம் குறுக்கே போகிறது. பதினோரு சுற்று. அப்போது பியானோ மேலேயிருந்து மழைபோல இறங்கிவந்து, எல்லாரையும் இழுத்துச் சரியான பக்கத்தில் நிறுத்துகிறது. தியேட்டர் எழுந்து நின்று கத்துகிறது. தட்டில் அந்தக் கத்தலும் இருக்கிறது. மூழ்கும் கப்பலை ஒற்றை ஆளாகக் கரைசேர்த்தவர் என்று பெட்ராசாவைப் பற்றி எழுதினார்கள். எலிகியோவைக் குறுக்கன் என்றார்கள்.

அதற்குப்பின் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. ரெக்லா படகில் கயிறு கட்டும் வேலைக்குப் போனார். டோமினோ மேசையில் உட்கார்ந்தால், உன் முறையா குறுக்கா, இல்லை பக்கத்து ஆள் முறையில் போடுகிறாயா என்பார்கள். அவரும் சிரிப்பார். ஒதாலிஸ் ரொட்டி வரிசையில் குறுக்கன் பெண்டாட்டி. யுனைசி அந்தத் தட்டு வெளிவந்து இரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள், பிறந்த அன்றே குறுக்கன் மகள். பதினோரு வயதில் மேளம் படிக்க நுழைவுத் தேர்வுக்குப் போனாள். தேர்வாளர் அவள் குடும்பப் பெயரைப் படித்துவிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணப் போகிறாய் குட்டி என்று கேட்டார். அறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அவள் எண்ணவில்லை. குச்சியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

இப்போது அந்தத் தட்டை மறுபடி வெளியிடப்போகிறார்கள். புது மெருகு, புது அட்டை. புதுப் பெயரும்கூட. 'குறுக்கன்'.

போன வாரம் பெட்ராசா அட்டையின் படத்தைச் செல்பேசியில் காட்டினார். உன் அப்பன் பேர் டோக்கியோவரைக்கும் போகப்போகிறது என்றார். உண்மையாகவே அதை மரியாதை என்று நினைத்துத்தான் சொன்னார். அதுதான் யுனைசிக்குத் தாங்கவில்லை. கெடுதல் நினைத்துச் சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பாள். அவளுக்குக் கொடுத்த வேலை எளிது. அந்தப் பதினோரு சுற்றில் மேளத்தை மேலே ஏற்றவேண்டும். கேட்கிறவர்களுக்குத் தப்பு பளிச்சென்று தெரியவேண்டும். தப்பு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்கு மீட்பும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம் ஏற்றினாள்.

பழைய நாடாவில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித் தனி ஒலி வரி, ட்ராக் என்பது. அப்பாவின் மைக்கை மட்டும் திறந்து ஒலியைக் கூட்டினாள். மேளம் வந்தது. மேளத்துக்குப் பின்னால் வேறொன்றும் வந்தது. மேடையில் அப்பா பியானோவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். பெட்ராசாவின் இடது கை அவருடைய மைக்கில் கசிந்து விழுந்திருந்தது, பக்கத்து வீட்டுச் சண்டை சுவரைத் தாண்டிக் கேட்பதுபோல. பழைய தட்டில் அந்த இடத்தில் பியானோவின் வரியை யாரோ அடக்கி, கூட்டத்தின் சத்தத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அப்பாவின் மைக்கைத் துடைக்க மறந்துவிட்டார்கள்.

அவள் நாலு தடவை கேட்டாள். பெட்ராசா தனியாக வாசித்து முடித்துக் குழுவோடு சேரும்போது கிளாவேயின் ஒரு பாதியை விட்டுவிட்டார். மூன்றின் இடத்தில் இரண்டை வைத்து இறங்கினார். முதல் சுற்றில் அப்பா இடத்தில்தான் இருந்தார். இரண்டாவது சுற்றில் தடுமாறுகிறார், தடுமாறும் அந்த அரை நொடி மைக்கில் இருக்கிறது. மூன்றாவதில் பியானோவின் பக்கம் தாவிவிட்டார். இருவரும் சேர்ந்து ஏழு சுற்று குறுக்கே போனார்கள். அப்புறம் பெட்ராசாவுக்குப் புரிந்தது. மேலேயிருந்து அந்த மழையைக் கொட்டிக்கொண்டு அவர் மட்டும் திரும்பிவிட்டார். அப்பா நாலு சுற்று அங்கேயே தனியாக நின்றார்.

வெள்ளிக்கிழமை மாலை ரெக்லாவில் கரண்ட் இல்லை. எலிகியோ வாசலோரம் காற்றுக்காக நாற்காலி போட்டு, காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதி. இடது காலில் கட்டைவிரல் மார்ச்சில் போயிற்று, பக்கத்து விரல் ஜூனில். யுனைசி செல்பேசியில் கொண்டுவந்ததைப் போட்டு, ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள். அவர் கை நாற்காலிக் கைப்பிடியில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. அந்த இடம் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது. முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அதைப் பார்த்துத்தான் அவளுக்குப் புரிந்தது.

"உங்களுக்குத் தெரியும்."

"நான்தானம்மா வாசிச்சேன். எனக்குத் தெரியாதா?"

ஏன் தாவினீர்கள் என்று கேட்டாள். பியானோவை மேடையில் அம்மணமாக விடக்கூடாது, அது மேளக்காரன் வேலை என்றார். நான் நின்றிருந்தால் தியேட்டர் முழுக்கத் தெரிந்திருக்கும், நான் போனால் அவர் எனக்காக மெதுவாகத் திரும்புவார், சேர்ந்து திரும்பலாம் என்று நினைத்தேன் என்றார். வானிலையைப் பற்றிப் பேசுகிறவர் போலச் சொன்னார். யுனைசிக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. காலைப் பார்த்தாள், உலுக்கவில்லை.

"இருபத்தொம்பது வருஷம். ஒரு ஆள்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா யாரு நம்புவா? குறுக்கன் சொல்றான்னுதான் சொல்லுவாங்க." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "விட்டுடு. பேரு இல்லாம பழகிட்டேன். ஊசி இல்லாம பழக முடியாது."

ஒதாலிஸ் அடுப்படியிலிருந்து வந்து நின்றதே அதற்காகத்தான். மருந்துக்கடை அலமாரியில் இன்சுலின் இருந்து எத்தனையோ மாதம் ஆகிறது. பெட்ராசாவின் மனைவி மாட்ரிட்டிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, வருகிற போகிறவர்கள் கையில் ஒரு பை கொடுத்தனுப்புவாள். குளிர்பை, உள்ளே ஐஸ் பாக்கெட், ஊசிமருந்து. அந்தப் பை வரும் நாளில் ஒதாலிஸ் கதவைப் பூட்டிக்கொண்டு அழுவாள். பை வராத நாட்களிலும் அழுவாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அன்று ஆரம்பித்தவள்தான்.

அம்மா உள்ளே போனபிறகு எலிகியோ இன்னொரு தடவை போடச் சொன்னார். இன்னொரு தடவை. நாலாவது தடவை அவர் கை நிற்கவில்லை. அந்த இடம் வந்தது, பியானோ குறுக்கே போனது, மைக்கில் பழைய எலிகியோ கூடவே தாவினார். நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கை தாவவில்லை. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு. பதினோரு சுற்றும் இடத்தில் நின்றது. கண்ணை மூடியிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. முடிந்ததும் காதிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டு, கொசு வந்தாயிற்று, உள்ளே போகலாம் என்றார்.

அப்பாவின் வாய் சொன்னது அம்மாவுக்குப் போதும். யுனைசி கையைக் கேட்டுவிட்டாள்.

இப்போது ஸ்டூடியோவில் பெட்ராசா அதைப் போட்டுக்காட்டச் சொன்னார். அவள் போட்டாள். அப்பாவின் மைக், அதற்குப் பின்னால் சுவர் தாண்டி வருவதுபோல இடது கை. பெட்ராசா கேட்டார். ஒரு சுற்று போவதற்குள் அவர் முழங்கால்மேல் இருந்த இடது கை அதே இடத்தில் மெல்ல அசைந்தது. பார்த்துவிட்டார்போல, வலது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"கதவச் சாத்து" என்றார்.

சாத்தினாள்.

அன்று காலையிலிருந்து சர்க்கரைத் தண்ணீரில் இருந்தேன் என்றார். சர்க்கரைத் தண்ணீரும் பாதி ரொட்டியும். தனியாக வாசிக்கும்போதே கண் இருட்டியது, ஒரு பாதி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை, கீழே கையை வைத்தபோது தரை இல்லை. வெளிநாட்டுக்காரன் லாரியில் உட்கார்ந்திருக்கிறான், இது போனால் அடுத்தது இல்லை. உங்கப்பன் என் பக்கம் வந்ததைப் பார்த்தேன். கடவுளே வந்தமாதிரி இருந்தது என்றார். அவர் கண் கலங்கியது நடிப்பில்லை. யுனைசி அதையும் பார்த்தாள். அவர் நடித்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"எங்கப்பாவும் அன்னிக்குச் சர்க்கரைத் தண்ணிதான் மாயெஸ்த்ரோ."

"தெரியும்."

"அப்புறம் லாரியில உக்காந்து பியானோவ அடக்குனது யாரு? அப்பயும் கண்ணு இருட்டிக்கிட்டுதான் இருந்துச்சா?"

ஜெனரேட்டர் ஒருமுறை இருமிவிட்டு ஓடியது. விளக்கு மங்கி மறுபடி வந்தது.

தான் கேட்பது பெரிதில்லை என்றாள். பியானோவின் வரியை அன்றைக்கு வாசித்த அளவுக்கே ஏற்றினால் போதும். யார் பேரையும் எங்கும் எழுதவேண்டாம். கேட்கிறவர்களே கேட்டுக்கொள்ளட்டும். அட்டையில் அந்தப் பேர் மட்டும் வேண்டாம்.

"அத மாத்த முடியாதும்மா. அந்தத் தட்டே அந்த எடத்துலதான் நிக்குது. அத எடுத்துட்டா நான் யாரு?"

"குறுக்கே போனவரு. எல்லாருந்தான் போவாங்க. ஒரு நாள்."

"ஒன்ன மாதிரிப் படிச்ச புள்ளைங்களுக்கு அது ஒரு நாள். எனக்கு அது வாழ்க்க."

அப்பாவுக்கு மட்டும் அது என்னவாம். கேட்டு என்ன.

பெட்ராசா சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த நீலக் குளிர்பையைத் தூக்கி, பலகைமேல், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வரிசைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். என் மனைவி கொடுத்தது, இந்தத் தடவை நானே கொண்டுவந்தேன், இரண்டு மாதத்துக்கு வரும் என்றார். பையின் கைப்பிடியைச் சரிசெய்து, அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவ்வளவுதான். திறமைசாலி. இடது கையின் வேலையை யார் காதிலும் விழாமல் செய்யத் தெரிந்தவர்.

பிறகு அப்பன்போலப் பேசினார். இந்த ஊரில் என்ன இருக்கிறது உனக்கு. நாள் முழுக்கக் கரண்ட் இல்லை, உன் கூடப் படித்தவர்கள் பாதிப்பேர் போய்விட்டார்கள். மாட்ரிட்டில் என் நண்பன் ஸ்டூடியோவில் ஆள் தேடுகிறான். இந்த வேலையை நான் சொன்னபடி முடித்துக்கொடு, அந்தக் கசிவைத் துடைத்துவிடு. விசா, டிக்கெட், தங்க இடம், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

"என் கூட வந்துரு."

யுனைசி முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்கப்பாவும் உங்க கூடத்தான் வந்தாரு, மாயெஸ்த்ரோ."

அவர் முகம் ஒரு கணம் வயதானவர் முகமாக இருந்தது. அடுத்த கணம் சரிசெய்துகொண்டார். யோசிச்சுச் சொல்லு, வியாழக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்றார்.

யோசிக்க எதுவும் இல்லை. காலையில் படகில், எண்ணெய் மிதக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே யோசித்து முடித்தாயிற்று. மாயெஸ்த்ரோ தாமாகச் செய்தால் செய்யட்டும் என்று ஒரு வாய்ப்புக் கொடுக்கத்தான் வந்தாள். கொடுத்தாயிற்று. அவள் சட்டைப்பையில் விரல்நீளப் பென்டிரைவ் ஒன்று இருந்தது. அதில் ஐந்தாவது உருப்படியின் அந்தப் பதினோரு சுற்றும், அதற்கு முந்தைய இரண்டும். இரண்டே வரி. பியானோவின் சொந்த மைக், அப்பாவின் மைக். ரெக்லா படகுத்துறைக்கு எதிரே ரிகோபெர்த்தோவின் கடை. தீவு முழுக்க வீடுவீடாகப் போகும் வாரப் பொட்டலத்தில், சினிமாவும் தொடரும் பாட்டும் அடைத்த அந்த வன்தட்டில், அக்கரைக்கு வேண்டியதைச் சேர்ப்பவன் அவன். திங்கட்கிழமை மாலைக்குள் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை எல்லார் வீட்டிலும் இருக்கும். விளக்கவுரை எதுவும் எழுதத் தேவையில்லை. நாலு சுற்று கேட்டால் மீன்காரிக்குப் புரியும்.

இன்று திங்கட்கிழமை.

வேலை போகும். மாட்ரிட் போகும். இந்தப் பை இனி வராது. அப்பாவின் காலில் இன்னும் மூன்று விரல் இருக்கிறது. அம்மா அவள் முகத்தில் முழிக்கமாட்டாள். செவ்வாய்க்கிழமை அப்பா சந்தோஷப்படுவாரா, தலையில் அடித்துக்கொள்வாரா என்று அவளுக்குத் தெரியாது. நாற்காலிக் கைப்பிடியில் தட்டிய கை ஒன்றுதான் அவளிடம் இருக்கும் சாட்சி. அது போதுமா என்று யாராவது கேட்டால் போதாது என்றுதான் சொல்லுவாள்.

கழுத்தில் தொங்கிய ஹெட்போனைக் கழற்றிப் பலகைமேல் வைத்தாள். பியானோவின் வரியைப் பிடித்து, அன்றைக்கு அவர் வாசித்த அளவுக்கு மேலே தள்ளினாள். அவள் வாசல் தாண்டியதும் அவர் இறக்கிவிடுவார். இறக்கட்டும், அந்தக் கையாலேயே இன்னொரு தடவை இறக்கட்டும்.

பிறகு நீலப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெட்ராசா அவள் பையை எடுப்பதைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டார். அவள் திருத்தவில்லை. மருந்து அப்பாவுடையது. அவர் இதற்கு எப்போதோ வாசித்துக் கொடுத்துவிட்டார்.

"வியாழக்கெழம பாக்கலாம் பட்டதாரியம்மா" என்றார் பெட்ராசா.

வாசலில் ஓஸ்னியெல் டீசல் கேனில் உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். என்ன ஆச்சு என்று கண்ணால் கேட்டான். ஐஸ் உருகுது, மூணு மணிப் படகப் பிடிக்கணும் என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கித் துறைமுகத்தை நோக்கி நடந்தாள்.